ஒரு ஆள் குறைச்சல்

கொசஸ்தலையாறு கடலில் விழுகிற இடத்தில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. காற்று அப்படி. அதனாலேயே எங்கள் முகத்துவாரக்குப்பத்து ஆட்களுக்குக் குரல் பெரிசு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு 2025 மார்ச்சில் ஒரு மனிதரை நடுக்கோர்ட்டில் நிற்கவைத்துத் திட்டினேன். அவர்மேல் தப்பில்லை என்பது திட்டும்போதே எனக்குத் தெரியும்.

வடசென்னைக்காரன் கால்பந்துக்குப் போவான், கேரமுக்குப் போவான், பாக்ஸிங்குக்குப் போவான். நான் எப்படியோ பாஸ்கெட்பால் பைத்தியம். 2022 ஏப்ரலில் நேரு உள்விளையாட்டரங்கில் தமிழ்நாடு பஞ்சாபைச் சாய்த்துத் தேசியப் பட்டம் வாங்கியபோது கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவன். விளையாடத் தெரியாது. கருத்துச் சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும்.

என் அண்ணன் மகன் நிஜமாகவே விளையாடுகிறவன். அந்த மார்ச்சில் திருவொற்றியூர்ப் பக்கம் நடந்த ஃப்ளட்லைட் டோர்னமென்டில் எங்கள் பையன்கள் ஃபைனல் வரை வந்ததே அவனால்தான். எதிரில் ராயபுரத்துப் பையன்கள். கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள் வரும்போது 54-52, நாங்கள் முன்னால். அவனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டும் போச்சு. அடுத்த ரீபவுண்ட் கைக்குள் வந்து வழுக்கியது. மாஸ்டர் டைம்-அவுட் கேட்டார். அவன் கையைத் திருப்பிப் பார்த்தார், பெஞ்சில் உட்காரவைத்தார், ஒரு சின்னப் பையனை இறக்கினார். ராயபுரத்தான் ஒரு மூணு பாயிண்ட் போட்டான். சின்னப் பையனின் கடைசி பந்து ரிங்கில் ரெண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. 54-55.

விசில் அடித்ததும் நான் உள்ளே பாய்ந்தேன். "ஸ்டார் பிளேயரை உக்கார வச்சுட்டு எவனயோ எறக்குறியே, நீயெல்லாம் ஒரு கோச்சா?" அதோடு விட்டேனா? 1972 மியூனிக் ஒலிம்பிக் ஃபைனல் கதையையும் எடுத்துவிட்டேன். மூணே செகண்ட் பாக்கி. ரஷ்யக் கோச் கோந்திராஷின், கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பந்தெறியவென்று எதேஷ்கோவை இறக்கினார். எறிந்த பந்தை பேலோவ் பிடித்துப் போட, 51-50, அமெரிக்கா காலி. "ஆள் மாத்துறதுன்னா அப்டி மாத்தணும்!" பேலோவின் கையிலிருந்து பந்து நழுவியிருந்தால் கோந்திராஷினையும் இப்படித்தான் திட்டியிருப்பேன்.

மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்து, பைசா வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறவர். பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின ராத்திரி என் ஃபைபர் போட்டுக்கு ஒரு ஆள் குறைச்சல். அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். "சித்தப்பா, நாளைக்கு ஃபைனல்" என்றான். "எட்டு மணிக்குக் கரைக்கு வந்துடலாம்டா, நாள் பூரா தூங்கு" என்றேன். ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். நீரோட்டத்தில் வலை எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்து, அறுத்து, மிச்சத்தை ஏற்றிக் கரை சேரும்போது மதியம் ஒரு மணி. அவன் ரெண்டு உள்ளங்கையிலும் கயிறு கிழித்திருந்தது. மஞ்சள் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் அவனுக்கு முன்னால் நான் போய் சீட் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றில் சாம்பல் படிந்ததையும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்ததையும் காரணம் சொல்லலாம். எங்கள் தொழிலை அவை அழித்தது நிஜம். ஆனால் அந்த ராத்திரிக்கு அவை காரணமில்லை. வெளி ஆளைக் கூப்பிட்டால் பங்கு கேட்பான். பையனுக்கு டிபன் வாங்கிக் கொடுத்தால் போதும்.

நான் கத்தியபோது அவன் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வேறு கோச் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. வந்தது என்ன, கொண்டுவந்தவனே நான்தான்.

ஆகஸ்டில் ஜெட்டாவில் ஆசியக் கோப்பை. இந்தியா ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டுபோய் 84-91 என்று விட்டது. டீக்கடையில் போனைப் பார்த்தபடி கோச் ஸ்காட் ஃபிளெமிங்கை வறுத்தெடுத்தேன். 2014இல் வூஹானில் சீனாவை 65-58 என்று ஜெயித்தபோது நான் தலையில் தூக்கிவைத்து ஆடியதும் இதே ஃபிளெமிங்கைத்தான். பக்கத்தில் அண்ணன் மகன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்:

"அவுங்கல்லாம் ராத்திரி தூங்கினாங்களா சித்தப்பா?"

கேலி மாதிரியும் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

நாலு நாள் கழித்து நல்ல வஞ்சிரம் ஒன்று கிடைத்தது. விற்காமல் மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உள்ளே உட்காரச் சொன்னார். கிலோ என்ன விலை போகிறது என்று பேசினோம். எண்ணூர் ரயில் லேட்டாவதைப் பேசினோம். மீனை வாங்கி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். எழுந்து செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்தார்.

"பையனுக்குக் கை ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு மாஸ்டர்" என்றேன்.