49-ஆ, 74-ஆ?

நிதானமான ஆள் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. திருச்சியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் முகம் சுளிக்காமல் இரவு வரை உட்கார்ந்து தேடுவேன். கடைப் பையன்களைக் கேட்டால் நான் குரல் உயர்த்திப் பார்த்ததே இல்லை என்பார்கள்.

அக்கா மகள் முதுகலை உளவியல் படிக்கிறாள். ஆய்வுக்காகக் கல்லூரி மாணவர்களிடம் கொடுக்கப்போகும் படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னிடம் நீட்டினாள். "ரொம்ப யோசிக்காம டக்குடக்குன்னு டிக் பண்ணுங்க மாமா."

அவசர புத்தியை அளக்கும் படிவம் அது. அமெரிக்காவில் எர்னஸ்ட் பாரட் என்ற உளவியலாளர் 1959-இல் தொடங்கியது; திருத்தித் திருத்தி, 1995-இல் பதினோராவது வடிவமாக வெளிவந்தது. மொத்தம் 30 வாக்கியங்கள். யோசிக்காமல் பேசுவது, திடீரென்று எதையாவது வாங்குவது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நெளிவது, முன்கூட்டித் திட்டமிடுவது என்று ஒவ்வொன்றும் நமக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று நாமே குறிக்க வேண்டும். 'அரிதாக அல்லது ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'ஏறக்குறைய எப்போதும்' வரை நான்கு கட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கம் டிக் அடித்துப் போய்விடக் கூடாதே என்று 11 வாக்கியங்களைத் தலைகீழாகக் கேட்டிருப்பார்கள். கூட்டினால் 30-க்கும் 120-க்கும் நடுவே ஓர் எண் வரும்.

எனக்கு 49 வந்தது. பெருமையாக இருந்தது. மருமகள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். 52 முதல் 71 வரைதான் சாதாரண மனிதர்களாம்; 72-ம் அதற்கு மேலும் அவசரக்காரர்கள். "52-க்குக் கீழ வந்தா ரெண்டே அர்த்தம்தான் மாமா. ஒண்ணு, அளவுக்கு மீறி அடக்கி வாசிக்கிற ஆளு. இல்லைன்னா உண்மையா எழுதலை." அவள் கிண்டல் செய்யவில்லை. இந்த அளவுகோலின் ஐம்பது ஆண்டுகளைத் தொகுத்து 2009-இல் வந்த கட்டுரையே ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறதாம்.

நான் ஒரு இடத்திலும் பொய் எழுதவில்லை. அது எனக்கு நிச்சயம். அதனால்தான் அடுத்து நடந்தது உறைத்தது. அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, "எனக்கும் ஒண்ணு குடு, இவருக்கு நான் போடறேன்" என்று இன்னொரு படிவத்தை வாங்கிக்கொண்டாள். ஆய்வுக்கு அது செல்லாது, விளையாட்டுக்குத்தான். அவள் கணக்கில் நான் 74.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். முன்யோசனை பற்றிய 11 கேள்விகளில், யோசிக்காமல் பேசுவதைத் தவிர மற்றவற்றில், இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போயிருந்தோம். சேமிப்பு, திட்டம் எல்லாவற்றிலும் அவளும் எனக்குத் தாராளமாகவே போட்டிருந்தாள். சண்டை அந்த ஒன்றிலும் மிச்சம் 19-இலும்தான். யோசிக்காமல் வார்த்தையை விடுவது, சட்டென்று எழுந்து போவது, கவனம் சிதறுவது போன்றவற்றில் நான் 'இல்லை' என்ற இடத்தில் அவள் 'அடிக்கடி' என்றிருந்தாள்.

ஏன் இப்படி என்று யோசித்தபோது முதலில் எனக்குப் புலப்பட்டது என் அப்பா. கோபம் வந்தால் சோற்றுத் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். ஒருநாள் சாயங்காலம் காபி குடிக்கப் போனவர், ஓட்டிப்போன டிவிஎஸ் 50-ஐ அங்கேயே யாருக்கோ விற்றுவிட்டு நடந்து வந்தார். காரணம் இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மனிதரோடு ஒப்பிட்டுத்தான் வாழ்நாள் முழுக்க என்னை அளந்திருக்கிறேன். தட்டை எறியாதவன் எவனும் எனக்கு நிதானமானவன். மனைவி வளர்ந்ததோ குரலே உயராத வீடு. அவளுக்குக் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே அது ஒரு சம்பவம். 'அடிக்கடி' என்ற கட்டத்துக்கு எங்கள் இருவரிடமும் வெவ்வேறு படிக்கல். இப்படி அவரவர் தம்மைச் சுற்றியிருப்பவர்களை வைத்தே விடை சொல்வதால், ஒரு நாட்டின் மதிப்பெண்ணை இன்னொரு நாட்டின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது எவ்வளவு கோளாறு என்று 2002-இல் ஸ்டீவன் ஹைனும் கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள். நாடு வரை போவானேன், ஒரே கூரையின் கீழேயே இந்தக் கதி.

இரண்டாவது காரணத்தை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. யோசிக்காமல் செய்த காரியத்தை, யோசிக்காமல் செய்ததாக மனம் பதிந்து வைப்பதில்லை. மகனின் மார்க் ஷீட்டைப் பார்த்தவுடன் நான் சொன்ன வார்த்தை என் நினைவில் 'பொறுத்துப் பொறுத்துப் பார்த்துச் சொன்னது'. அவன் நினைவில் அந்த வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. சேமிப்புக்குப் பாஸ்புக் சாட்சி. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு வராது. நாக்குக்கு ஏது பாஸ்புக்? கேட்டவர்களிடம்தான் வரவு வைக்கப்படுகிறது.

"நல்ல மூட்ல இருக்கறப்ப கேட்டா எல்லாரும் புத்தர்தான்" என்றாள் மனைவி. அவள் உளவியல் படித்ததில்லை. ஆனால் வைட்சைட், லைனம் என்ற இருவர் 2001-இல் அவசர புத்தியை நான்காகப் பிரித்தபோது, மனம் கெட்டிருக்கும் நேரத்தில் மட்டும் தலைதூக்கும் அவசரத்தைத் தனி வகையாகவே வைத்தார்கள். பாரட் படிவம் அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. பொதுவாக நீ எப்படி என்கிறது. பொதுவாக நான் கடையில் இருக்கிறேன். கடையில் நான் சாது. ஒரே மனிதன் இடத்துக்கு இடம் வேறாக நடந்துகொள்கிறான் என்று வால்டர் மிஷல் 1968-லேயே ஒரு புத்தகம் எழுதி, அந்தத் துறையையே கலக்கியிருக்கிறார். குழந்தைகள் முன் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்துப் பொறுமையைச் சோதித்தாரே, அவர்தான்.

அப்படியானால் கணினியில் சோதித்துவிடலாமே என்றேன். மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், வேறொன்று வந்தால் விரலை அடக்க வேண்டும். நன்றாகவே செய்தேன். மனைவி பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மருமகள் அதிலும் மண்ணைப் போட்டாள். இத்தகைய சோதனைகளுக்கும் படிவங்களுக்கும் உள்ள தொடர்பு, 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 0.1 கூட வரவில்லையாம். முழுப் பொருத்தம் என்றால் 1 வரவேண்டும். நொடியில் ஒரு பங்கு நேரம் விரலை நிறுத்துவது வேறு திறமை. சாப்பாட்டு மேஜையில் வாயை நிறுத்துவது வேறு திறமை.

சில மாதம் கழித்து நானே கேட்டு வாங்கி மறுபடி எழுதினேன். இந்த முறை 61. அவசரம் கூடிவிட்டதா, என்னைக் கவனிப்பது கூடிவிட்டதா என்று கேட்டேன். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்றாள் மருமகள். மனைவியும் எனக்காக இன்னொரு தாளை நிரப்பினாள், அதில் 71. மூன்று குறைந்து, ஒரு நூலிழையில் நான் சாதாரண மனிதர்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டேன். ஸ்வீட் வாங்கி வரக் கிளம்பியவனை மருமகள் நிறுத்தினாள்.

"மூணு மார்க்கெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை மாமா. அத்தை இன்னைக்கு நல்ல மூட்ல இருந்திருப்பாங்க."