படத்தில் இடம்பெறாத பியானோக்காரர்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ராக் இசைக்குழுவின் பெயரைக் கேளாத பட்டணவாசிகள் சிலரே. தோட்டத்து இளைஞரிற் பலரும் கைப்பேசியின் வாயிலாக அக்குழுவினரின் பாட்டுகளைக் கேட்டிருத்தல் கூடும். ஆயின், அக்குழுவைத் தொடங்கியவர் யாவர் என்று வினவினால், மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்று விடை வருமேயன்றி, இயன் ஸ்டூவர்ட் என்று கூறுவாரைக் காண்டல் அரிது. மேடையில் நின்றோரை உலகம் அறியும். மேடைக்கு வேண்டியவற்றைச் சுமந்து வந்தவரை யார் அறிவார்?

இவர் 1938-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஸ்காட்லாந்திலுள்ள பிட்டன்வீம் என்னும் கடலோரச் சிற்றூரிற் பிறந்து, லண்டன் மாநகரை அடுத்த சட்டன் என்னும் ஊரில் வளர்ந்தவர். இளம் பிராயத்திலேயே பியானோ பயின்றார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரத்திலும் களிப்பிலும் படைத்தளித்த புளூஸ், பூகி ஊகி என்னும் இசை வகைகளில் இவருக்குத் தணியாத வேட்கை. வயிற்றுப்பாட்டுக்கோ, இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் கம்பெனியில் கப்பற் சரக்குக் குமாஸ்தா வேலை. தோட்டத்து ஆபீஸில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு, குமாஸ்தா என்ற சொல்லைக் கண்டதுமே அவர்பால் ஒரு பாசம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? பகலெல்லாம் பேரேட்டைப் புரட்டிவிட்டு, இரவில் மனத்துக்கு உகந்ததை நாடும் வாழ்வு நமக்கும் உரியதன்றோ?

1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரையன் ஜோன்ஸ் என்னும் இளைஞர், புதிய குழுவொன்றுக்கு ஆள் வேண்டுமென ஜாஸ் நியூஸ் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதைக் கண்டு முதன்முதல் வந்து சேர்ந்தவர் ஸ்டூவர்ட். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதன் பின்னரே வந்தனர். அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் லண்டன் மார்க்கீ மன்றத்தில் நடந்த முதற் கச்சேரியில் பியானோ வாசித்தவரும் இவரே. கச்சேரிக்கு அழைப்போர் இவருடைய ஆபீஸ் தொலைபேசிக்கே பேசினர். வாத்தியங்களை ஏற்றிச் செல்ல வேன் வாங்கியவரும் இவரே.

மறு ஆண்டு, 1963 மே மாதத்தில், ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்பார் குழுவின் நிர்வாகியாக அமர்ந்தார். அமர்ந்தவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஸ்டூவர்ட்டை மேடையினின்றும் நீக்கியது. காரணம் யாது? ஆறு பேர் என்றால் ஜனங்களுக்கு முகம் நினைவில் நில்லாதாம். பருத்த உடலும் அகன்ற தாடையும் கொண்ட இவர், ஒல்லியான மற்ற இளைஞரோடு சேர்ந்து நிற்கப் பொருந்தாராம்! விரலில் குற்றமில்லை, தாளத்தில் பிழையில்லை, முகமே குற்றம். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் மடமையைக் கண்டிக்கும் நாம், தோற்றத்தைக் கொண்டு அளக்கும் இம்மடமையை மட்டும் பொறுப்பது எங்ஙனம்?

ஸ்டூவர்ட் விலகிச் செல்லவில்லை. வேனை ஓட்டினார், பெட்டிகளைத் தூக்கினார், வாத்தியங்களை ஒழுங்கு செய்தார், இசைத்தட்டுப் பதிவின்போதும் மேடையோரத்திலும் பியானோ வாசித்தார். 1971-இல் வெளிவந்த பிரவுன் ஷுகர் பாட்டில் ஒலிக்கும் பியானோ இவருடையது. லெட் செப்பலின் என்னும் வேறொரு பெருங்குழுவும் இவரை அழைத்து வாசிக்கச் செய்து, 1975-இல் வெளியிட்ட பாட்டொன்றின் தலைப்பிலேயே இவர் பெயரை வைத்தது. அத்துடன், மைனர் என்னும் சோகச் சாயல் கொண்ட சுரக்கூட்டுகள் இவருக்கு அறவே பிடியா. அவை வரும் இடத்தில் கைகளைத் தூக்கிக் கொண்டு சும்மா இருந்துவிடுவார். வைல்ட் ஹார்சஸ் என்னும் பாட்டுக்கு இவர் வாசிக்க மறுக்கவே, வேறொருவர் வாசித்தார். இடத்தை இழந்தாரேயன்றித் தம் அபிப்பிராயத்தை இழந்தாரில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. “பாருங்கள், அவர் முணுமுணுக்காமல் பெட்டி சுமந்தார், நீங்களும் அடங்கியிருங்கள்” என்று தொழிலாளருக்கு உபதேசம் செய்ய இச்சரித்திரத்தை எடுத்துக்கொள்வாரும் உளர். அது பெரும் புரட்டு. ஸ்டூவர்ட் இசையை நேசித்துத் தங்கினார். அஃது அவர் பெருமை. அவர் பெயரை அடித்ததோ அடித்தவர்களின் சிறுமை. ஒருவருடைய பெருந்தன்மையைக் காட்டி மற்றவருடைய அநீதியை மூடலாகாது.

நமது தோட்டத்தில் சென்ற திருவிழாவின்போது நன்றியுரை எழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மூன்று இரவுகள் விழித்துப் பந்தலிட்டு, விளக்குக் கம்பி இழுத்த முதியவர் ஒருவரின் பெயரை முதலில் எழுதினோம். “இவர் பெயர் எதற்கு, கிராணியாரே? நன்கொடை கொடுத்தவர்களை மட்டும் எழுதினால் போதாதா?” என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். “பந்தல் நின்றது எவரால், ஐயா?” என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை; பெயர் நின்றது. ஒலிபெருக்கியில் அது ஒலித்தபோது, அம்முதியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டூவர்ட் 1985 டிசம்பர் 12-ஆம் நாள், லண்டனில் வைத்தியரைக் காணக் காத்திருந்தபோது, மாரடைப்பினால் மாண்டார். வயது 47. மூன்று ஆண்டுகள் சென்று, 1989-இல், அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு இடமளிக்கப்பட்டபோது, அவர் பெயரையும் தம்மோடு சேர்க்க வேண்டுமெனத் தோழர்கள் கோரினர், அவ்வாறே சேர்க்கப்பட்டது. நல்ல காரியமே. எனினும், அதைக் கேட்டு மகிழ அவருக்குச் செவி இல்லை.

நேயர்களே! உங்கள் சங்கத்திலும், வாசகசாலையிலும், வீட்டிலுங்கூட ஒரு ஸ்டூவர்ட் இருப்பார். அவருக்குரிய இடத்தை அவர் உயிரோடிருக்கும்போதே கொடுங்கள். செத்த பின் சூட்டும் மாலை சூட்டியவருக்கே ஆறுதல்.