20 பைட்

கன்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் குபெர்னெட்டீஸுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் மயக்குவது அதன் உயிர்த்தெழும் குணம். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை வேண்டுமென்றே கொன்று பாருங்கள். சில நொடிகளில் அதே வேலைக்கு இன்னொன்று வந்து நிற்கும். என்னையும் அது மயக்கியதுதான். ஆனால் திரும்பி வருவது நிரல் மட்டுமே. போன தரவைத் திருப்பித் தருவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

2014-இல் கூகுள் இதை வெளியிட்டபோது, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத சேவைகளுக்குத்தான் இது மிகவும் பொருந்தியது. டேட்டாபேஸ் போன்றவற்றுக்கான ஸ்டேட்ஃபுல்செட் 2017 டிசம்பரில் 1.9 பதிப்பில்தான் நிலைபெற்றது. வட்டை ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி நிலைபெற மேலும் மூன்று ஆண்டு ஆனது. இப்போது டேட்டாபேஸும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டருக்குள் குடியேறிவிட்டது. கூடவே ஒரு பேச்சும் வந்து சேர்ந்தது. “மூணு ரெப்ளிகா ஓடுதே சார், பேக்கப் எதுக்கு?” அனுபவமுள்ளவர்களே இப்படிக் கேட்டிருக்கிறார்கள். நிபந்தனை போட மறந்து ஒருவர் டெலீட் கட்டளையை ஓட்டினால், டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகா அதையும் சொன்ன சொல் தட்டாமல் செய்துமுடிக்கும். வட்டு கெட்டால் அது காப்பாற்றும். கை தவறினால் காப்பாற்றாது.

கை தவறிய கதைகளில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது கிட்லேப் நிறுவனத்துடையது. அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. 2017 ஜனவரி 31 இரவு, துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்பகத்தைப் பொறியாளர் ஒருவர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அப்போது அவர்கள் கிளஸ்டரில் இல்லை. இருந்திருந்தாலும் கதை மாறியிருக்காது. தினமும் பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடத்தைத் திறந்தால், காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. தன்னைவிடப் புதிய சர்வரைத் தொட அந்தக் கருவி மறுத்துவிடும். மறுத்ததைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன. முறையான கையொப்பம் இல்லை என்று பெறும் சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள்.

இதே பதிப்புப் பொருத்தமின்மை கிளஸ்டரில் இன்னும் எளிதாக நேரும். டேட்டாபேஸ் இமேஜை ஒரு குழு புதுப்பிக்கும். பேக்கப் எடுக்கும் கிரான்ஜாபின் இமேஜ் இன்னொரு குழுவின் கோப்பில் பழையபடியே கிடக்கும். இரவு இரண்டு மணிக்குக் கருவி தோற்று, ஒன்றும் எழுதாமல் வெளியேறும். அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்குவதற்காகக் குழாயின் மறுமுனையில் ஜிஸிப் காத்திருக்கிறது. அதற்கு வந்தது வெறுமை. வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி 20 பைட்டில் ஒரு கோப்பு செய்து வைக்கும். ஷெல் பொதுவாகப் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும். ஆகவே வேலை ‘கம்ப்ளீட்டட்’, திரையில் பச்சை விளக்கு. காலையில் வருகிறவர் கோப்பின் பெயரில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அளவை யார் பார்க்கிறார்கள்?

விதைநெல்லை எவ்வளவு பத்திரமாகக் கோட்டை கட்டி வைத்தாலும், ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் முடிந்து முளைக்கிறதா என்று பார்க்காமல் நாற்றங்காலில் தெளிக்க மாட்டார்கள். தானியங்கிப் பேக்கப் வைத்திருக்கும் இடங்களில் இந்த ஈரச் சாக்குதான் அதிகம் காணாமல் போகிறது. கையால் எடுத்த காலத்தில் எடுப்பவருக்குக் கொஞ்சம் பயமாவது இருந்தது. தானியங்கி வந்ததும் அந்தப் பயமும் ஓய்வு பெற்றுவிட்டது.

கருவிகள் மோசமில்லை. போஸ்ட்கிரெஸ் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் 16 எம்பி துண்டுகளாக லாகில் எழுதுகிறது. முழுப் பேக்கப் ஒன்றும் அதற்குப் பிந்தைய துண்டுகளும் கையில் இருந்தால், தவறு நடந்ததற்கு முந்தைய கணம் வரை ஓட்டி நிறுத்தலாம்; 2005-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்தே இது உண்டு. கிளஸ்டருக்குள் இந்த வேலையை கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. கிளவுட்நேட்டிவ்பிஜியில் எனக்குப் பிடித்தது ஒரு பிடிவாதம்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மேலேயே ரீஸ்டோர் செய்ய அது விடாது. புதிதாக ஒன்றை எழுப்பி அதில்தான் மீட்க வேண்டும். இரட்டை வட்டு, கூடுதல் செலவு, பிறகு இணைப்பை மாற்றும் வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பதற்றத்தில் இருப்பவன் கையில், மிச்சமிருப்பதையும் அழித்துவிடும் பொத்தானைக் கொடுக்காத மென்பொருளைப் பற்றி நான் முணுமுணுக்க மாட்டேன்.

பேக்கப்புக்கு அட்டவணை இருப்பதுபோல ரீஸ்டோருக்கும் ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறை தானாகப் புது டேட்டாபேஸ் எழ வேண்டும். அதில் வரிசைகளின் எண்ணிக்கையோடு, கடைசியாகப் பதிவான வரிசையின் நேரத்தையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் எழுந்தது என்பதையும் குறித்துக்கொண்டு கலைத்துவிடலாம். நிதிப் பிரிவு இந்தச் செலவைப் பற்றிக் கேட்கும். கேட்கட்டும்.

இதை எந்த கிளஸ்டரில் நடத்துவது என்பதும் முக்கியம். பேக்கப் எங்கோ தொலைவில் பத்திரமாக இருக்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் குறியாக்கச் சாவியும் பெரும்பாலும் அதே கிளஸ்டரின் சீக்ரெட்டில்தான் கிடக்கும். கிளஸ்டர் போனால் சாவியும் போச்சு. ஒத்திகையை வேறு கிளஸ்டரில் நடத்தினால் முதல் வாரமே இது பல்லிளித்துவிடும். அதே கிளஸ்டரில் நடத்தினால், ஒவ்வொரு வாரமும் வெற்றிதான்.