பின்பக்க அறை

காலை ஏழு மணிக்கு ரிசெப்ஷனில் முதல் வேலை அன்றைய அறைத்தாளைப் பார்ப்பது. இரவு ஷிப்ட் தம்பி அச்சடித்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான். இடது பக்கம் அறை எண், நடுவில் வருகிறவர் பெயர், எத்தனை பேர், எத்தனை இரவு. வலது ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு கட்டம். தலைப்பு: வேண்டுகோள். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு ரிசோர்ட்டில், 2011 தொடக்கம் 2020 இல் கொரோனா வந்து கதவடைக்கும் வரை, நான் அந்த விரலகலக் கட்டத்தோடுதான் மல்லுக்கட்டினேன்.

"மாடி வேண்டாம்." "மேல்மாடி மட்டும்." "லிப்டுக்குக் கிட்ட." "லிப்டுக்குத் தூர." கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் "அக்கா குடும்பத்துக்குப் பக்கத்து அறை" என்று எழுதியிருந்தது. அதே தாளில் நாலு வரி கீழே அந்த அக்கா: "தங்கச்சி குடும்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி." இருவருக்கும் ஒரே மாடியில் இரண்டு அந்தத்தில் அறை கொடுத்தேன். தங்கச்சி ஒரு மாதிரிப் பார்த்தா. அக்கா போகும்போது தனியாக வந்து நன்றி சொன்னா.

வெளியாட்களுக்கு அறை ஒதுக்குவது சீட்டுக் குலுக்கல் மாதிரித் தெரியும். அப்படியில்லை. எங்களிடம் 48 அறை. 16 கடலுக்கு நேர்முகம். 20 அறையில் பல்கனியில் நின்று கழுத்தைத் திருப்பினால் கடல் தெரியும். விலைப்பட்டியலில் அதற்கும் 'கடற்காட்சி' என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லுக்காக நான் வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. மிச்சம் 12 பின்பக்கம்: முருங்கை, தென்னை, தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர். முதலில் கட்டின காசின்படி ஆட்களைப் பிரிப்போம். பிறகு, முன்பு வந்து போன ஆட்கள். அடுத்தது நாலைந்து இரவு தங்குகிறவர்கள். வயது போனவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் கீழ்த்தளம். கலியாணம் முடித்த கையோடு வருகிற சோடிகளுக்கு மூலை அறை. பஸ்ஸில் வருகிற கூட்டத்தை ஒரே மாடியில் போடுவோம், சத்தம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று. ஒரேயொரு இரவுக்கு, அதுவும் ராத்திரி பத்து மணிக்குப் பிறகு வருகிறவருக்குத்தான் லிப்டோடு ஒட்டிய அறை. 'எந்த அறையென்றாலும் சரி' என்று மலிவு விலைக்கு எடுத்தவருக்கு அதற்கு அடுத்தது. இரண்டு அறையை மட்டும் யாருக்கும் எழுதாமல் ஒளித்து வைத்திருப்போம். எங்கேயாவது ஏசி ஒழுகும். எவராவது நள்ளிரவில் கீழே இறங்கி வந்து மேசையில் தட்டுவார்.

இணையத்தில் பதிவு செய்கிற இடத்தில் வேண்டுகோள் எழுத ஒரு பெட்டி இருக்கும். அதன் கீழே, 'கிடைத்தால்தான் தருவோம், உத்தரவாதமில்லை' என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை ஒருவரும் வாசிப்பதில்லை. பெட்டியில் எழுதுவதைவிட, வருகிற நாளன்று காலை எட்டு மணிக்கு முன் ஒரு போன் அடித்து, என்ன வேண்டும் என்பதோடு ஏன் வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'முழங்கால் ஏலாது, படி வேண்டாம்' என்கிறவருக்கு அறை எப்படியோ கிடைத்துவிடும். 'கீழ்த்தளம்' என்று மட்டும் எழுதினவரை நாங்கள் இரண்டாம் தரம் யோசிப்பதில்லை. ஏன் என்பதை எழுதவோ அந்தக் கட்டத்தில் இடமில்லை.

தொழில் ரகசியம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். விலை கூடின அந்த 16 அறைகள்தான் அடிக்கடி பழுது. உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியை அரித்துவிடும். கதவுப் பிணைச்சல் துருப்பிடித்துக் கிறீச்சிடும். கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மத்தியானம் பிசுபிசுக்கும். காலை ஆறு மணிக்கே சூரியன் நேரே கட்டிலில் விழும். விடுமுறையில் வந்தவர் ஆறு மணிக்கு எழும்ப விரும்புவாரோ? பின்பக்க அறைக்கு வெயில் பின்னேரம்தான் வரும். ஆனால் வைகாசி தொடக்கம் கச்சான் காற்று மேற்கேயிருந்து அடுப்பு வாய் திறந்த மாதிரி அடிக்கும்போது பின்பக்கத்தில் மத்தியானம் படுக்க ஏலாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கச்சான் அடிக்கிற காலந்தான் கடல் குளம்போல் கிடக்கும் காலம், எங்கள் சீசன். ஐப்பசியில் வாடை திரும்பினால் கடலும் புரளும், அறையும் காலி.

ஒரு ஐரோப்பியத் தம்பதி, சூரியன் கடலில் மறைவது தெரிகிற அறைதான் வேண்டும் என்று நின்றார்கள். கிழக்குக் கரையில் அதற்கு எங்கே போவது? காலை எழும்பினால் உதிப்பதைக் காட்டலாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன்: திருகோணமலையில் அதற்கும் ஓரிடம் உண்டு. உட்துறைமுகம் பட்டினத்துக்கு மேற்கே கிடக்கிறது. உவர்மலையில் நின்றால் பின்னேரச் சூரியன் துறைமுகத் தண்ணீருக்கு மேலாகத்தான் சாயும். ஒரு முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பி வைத்தேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர் எங்கள் கடலைத் திரும்பியும் பார்க்கவில்லை. தகப்பன் கடற்படையில் இருந்தவராம், துறைமுகம் தெரிகிற ஜன்னல் வேண்டுமாம். 1957 வரை அவர்களுடைய தளம்தானே இது. அவரையும் உவர்மலையில் ஒரு விடுதிக்கே அனுப்பினேன். வந்த வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினதற்கு முகாமையாளர் என்னை ஒரு பிடி பிடித்தார்.

எங்கள் ஆட்களின் கேட்டலே வேறு. தெற்கு மூலை மேல்மாடியில் ஒரு அறை. அதன் பல்கனியிலிருந்து கடற்கரையோரமாகப் பார்த்தால் சுவாமி மலை தெரியும், இரவில் கோணேசர் கோயில் விளக்கும் தெரியும். விலைப்பட்டியலில் அந்த விளக்குக்குத் தனி விலை இல்லை. எந்த அதிகாரிக்கும் அது தோன்றவில்லை. ஆனால் இலண்டனிலிருந்து வருகிற அம்மாமார் அந்த அறை எண்ணை எப்படியோ அறிந்து வைத்திருந்தார்கள். போர்த்துக்கேயர் 1622 இல் இடித்துக் கடலில் தள்ளின கோயிலின் தூண்களை 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் கூட்டாளி மைக் வில்சனும் முக்குளித்துக் கண்ட இடம் அந்த மலையடிதான். முக்குளிக்க வருகிறவர்களுக்கு விளக்கும் வேண்டாம், காட்சியும் வேண்டாம். கீழ்த்தளமும், ஈர உடுப்பைக் காயப்போட ஒரு கொடியும், வாசலில் ஒரு பைப்பும் இருந்தால் சரி.

இன்னொரு கோரிக்கை எழுத்தில் வராது. அறையைத் திறந்து காட்டியதும் ஐயா ஒருவர் நடுவில் நின்று திசை பார்ப்பார். கட்டில் தலைமாடு வடக்கே இருந்தால் முடிந்தது. சிலர் வேறு அறை கேட்பார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் இரவில் தாங்களே கட்டிலை இழுத்துத் திருப்பிவிடுவார்கள். காலையில் துப்புரவுக்குப் போகிற பிள்ளைகள் தரையில் கீறலைப் பார்த்து, "வடக்கு வந்திட்டுப் போயிருக்கு" என்று சிரிப்பார்கள். அந்தியேட்டி முடித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் முழுகிவிட்டு வருகிற குடும்பங்கள் மட்டும் எதையும் கேட்பதில்லை. எந்த அறையைக் கொடுத்தாலும் தலையாட்டி வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு நானாகப் பார்த்து ஒதுக்குப்புறமாகக் கொடுப்பேன்.

விருந்தாளிக்கு இடம் ஒதுக்குகிற வேலை இந்த நாட்டுக்குப் புதிதில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கம், 1660 இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல்காரரை எல்லாருக்கும் தெரியும். அரசன் அந்தக் கப்பல் ஆட்களைச் சிறையில் போடவில்லை. ஊர் ஊராகப் பிரித்து, ஊருக்கு ஒருவராக இருத்தி, சோறு போடும் பொறுப்பை ஊராரிடம் விட்டான். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து இருக்கக் கூடாது என்பதுதான் ஒதுக்கீட்டு விதி. நொக்ஸும் அவருடைய தகப்பனும் மட்டும் ஒன்றாக இருந்தார்கள்; தகப்பன் அடுத்த வருசமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நொக்ஸ் தப்பியோட 19 வருசம் எடுத்தது. இலண்டனில் 1681 இல் வந்த அவருடைய புத்தகத்தை நான் ரிசெப்ஷன் மேசைக்குக் கீழே வைத்து வாசித்திருக்கிறேன். பஸ் கூட்டத்தை ஒரே மாடியில் அடைக்கிற நேரங்களில் அந்த அரசன் ஞாபகம் வரும்.

கட்டமே இல்லாத ஆட்களும் உண்டு: வாகனச் சாரதிகள். கட்டுநாயக்காவிலிருந்து ஆறேழு மணித்தியாலம் ஓடி வந்து வெள்ளைக்காரரை இறக்கிவிடுகிற மனிதருக்குப் படுக்க இடம் கொடுப்பது இந்த நாட்டு ஹோட்டல்களில் வழக்கம். எங்களிடம் அது சமையலறைக்குப் பின்னால், ஒரே அறையில் ஆறு கட்டில். அடுத்த நாளும் நித்திரை தூங்காமல் வண்டி ஓட்ட வேண்டியவர் அவர்தான். அவரிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒன்பது வருசத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

2013 ஆவணி. கனடாவிலிருந்து ஒரு தாயும் மகளும், மூன்று இரவு. கட்டத்தில் மூன்றே சொல்: பின்பக்க அறை வேண்டும். அன்றைக்குக் கூட்டம் குறைவு. கடல் நேர்முக அறை இரண்டு சும்மா கிடந்தது. செலவுக்குப் பயந்து பின்பக்கம் கேட்கிறார்கள், ஊர்ப்பிள்ளைகள், பாவம் என்று என் பெரிய மனசு சொன்னது. முன்னறையை எழுதினேன். கையில் சாவியைக் கொடுத்து, "அம்மா, மேலதிகக் காசில்லை, கடல் பார்த்த ரூம் போட்டிருக்கிறன்" என்றேன். மகள் அறைத்தாளைப் பார்த்து வாயெடுத்தா. தாய் அவவின் கையைத் தொட்டு, "சந்தோசம் தம்பி" என்றா. எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

அன்று இரவு வேலைக்கு வரவேண்டியவனுக்குக் காய்ச்சல், நானே நின்றேன். இரண்டு மணியிருக்கும், ஒரு சுற்று வரலாம் என்று போனால், மேல்மாடி நடைபாதையில், ஐஸ் மெஷினுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் அந்த அம்மா. சேலைத் தலைப்பால் தோளை மூடி, மடியில் கைப்பை. பயணம் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"அம்மா, நித்திரை வரேல்லையோ?"

"ஓம் தம்பி. உள்ளுக்குக் கொஞ்சம் குளிர்."

ஏசியைக் குறைக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றா. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தா. ஐஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால், அந்த உறுமலுக்காகத்தான் அங்கே வந்து இருந்திருக்கிறா.

விடியப்புறம் மகள் கீழே வந்தா. "அண்ணா, பின்பக்கம் ஒரு ரூம் மாத்தித் தர ஏலுமா? அம்மாவும் அப்பாவும் 2004 மார்கழியில ஊருக்கு வந்தவை. அம்மா மட்டும்தான் திரும்பி வந்தவ."

ஏன் நேற்றே சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஓசியா தந்த பிள்ளைய எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது எண்டு கேக்கிறா."

அந்த மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். இந்தக் கரையில் நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நிலாவெளியில் விடுதிகளும் வாடிகளும் சுனாமியில் ஒன்றாகவே போயின. பிறகு கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் கோடு கிழித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200. கோடு பின்னால் தளர்ந்தது. ஆனால் அது இறுக்கமாக இருந்தபோதும் சுற்றுலா விடுதிகளுக்கு நெகிழ்ந்து கொடுத்தது என்பது மீனவச் சனத்தின் கோபம். கடலில் பிழைக்கிறவனுக்குப் பின்பக்க அறை, பார்க்க வருகிறவனுக்கு முன்பக்க அறை என்று எங்கள் தோட்டக்கார ஐயா சொல்வார். அவருடைய பழைய வீடும் தெருவைப் பார்த்துத்தான் இருந்ததாம், கடலுக்கு முதுகு காட்டி. வீட்டுக்குள்ளும் கடலை ஆர் பார்ப்பான் என்பார்.

அம்மாவுக்கு 41 ஆம் அறை கொடுத்தேன். முருங்கைக்கு முன்னால். மிச்ச இரண்டு இரவும் படுத்தாவோ இல்லையோ, நடைபாதைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு, கட்டத்தில் மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதவர்களுக்கெல்லாம் காலையில் நானே போன் எடுக்கத் தொடங்கினேன். முகாமையாளர் போன் பில்லைப் பார்த்துக் கத்தினார். அப்கிரேட் கொடுப்பதற்கு முன்னும் கேட்டேன். ஓசியில் வருவதை ஏன் கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறாய் என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

நாலு வருசம் கழித்து அதே மகள் மின்னஞ்சல் போட்டிருந்தா. அம்மாவும் வருகிறா, இரண்டு இரவு. வேண்டுகோள் இந்தமுறை கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது: "41 கிடைத்தால் நல்லது. கடல் தெரியக் கூடாது. இரவில் சத்தம் கேட்டால் பரவாயில்லை, கேட்க வேண்டுமாம்."

41 சும்மாதான் இருந்தது. கரண்ட் இருக்கிற இரவுகளில் அங்கே அலைச்சத்தம் நன்றாகவே கேட்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தொடங்கும், அதற்குப் பிறகு பக்கத்தில் நின்று கதைப்பதே கேட்காது. அது ஆவணி மாதம், கரண்ட் எப்போதும் போகலாம். ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணையிடம் போய், ராத்திரி கரண்ட் போனாலும் ஒரு பத்து நிமிசம் பொறுத்துப் போடேலுமா என்று கேட்டேன். மற்ற 47 அறைக்காரருக்கு நீ பதில் சொல்லுவியோ என்றார். தெற்கு மூலை மேல்மாடிக்கு ஏறினேன். விளக்கு தெரிந்தது. இந்த இரண்டு இரவுக்கு மட்டும் கரண்டைப் பார்த்துக்கொள்ளும் என்று கோணேசரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.