பேர்லினில் ஒரு பீங்கான் பரீட்சை

சென்ற ஆண்டு பேர்லினில் பெரியம்மாவின் மகள் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கியிருந்தேன். அக்கா ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறார். எண்பதுகளில் அகதியாக வந்த அத்தான், நம்மவர் பலரைப் போலவே, ஒரு ரெஸ்ரோரன்றின் பின்கட்டில் கோப்பை கழுவி வாழ்க்கையைத் தொடங்கியவர். பதினொரு வருடம் அந்த வேலைதான்.

நான் போன சமயம் அக்காவின் இரண்டு கைகளும் தோல் வெடித்துச் சிவந்திருந்தன. சவர்க்காரத் தண்ணீரில் கை வைப்பதைக் குறைக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஹோட்டல் வேலையை விட முடியாது. குறைக்கக்கூடியது வீட்டுக் குசினி மட்டுமே. ஆகவே ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்குவதென்று முடிவாயிற்று. கையில் இருந்தது ஐந்நூறு யூரோ.

கடையில் முப்பது இயந்திரங்களாவது வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பச்சையிலிருந்து சிவப்புவரை கோடு போட்ட ஓர் அட்டை. பதினைந்து வயது மருமகள்தான் வாசித்து விளக்கினாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி ஒட்டவேண்டிய அட்டை அது. 2021 மார்ச் முதல் ‘ஏ’ தொடக்கம் ‘ஜி’ வரை ஏழு எழுத்துகள். முன்பு ‘ஏ’க்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறிவரை போட்டார்களாம். எல்லா இயந்திரமும் ‘ஏ’ ஆகிவிட்டால் வாங்குகிறவருக்கு என்ன பிரயோசனம்? ஆகவே அளவுகோலைத் திரும்பவும் இறுக்கினார்கள். நாங்கள் பார்த்தது ‘ஈ’ வகுப்பு. நூறு தடவை கழுவ 95 கிலோவாற் மணி மின்சாரம், ஒரு தடவைக்கு ஒன்பதரை லீற்றர் தண்ணீர் என்று இருந்தது. எத்தனை பேரின் கோப்பைகள் கொள்ளும், எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு சத்தம் போடும் என்பதும் அதே அட்டையில் உண்டு.

நன்றாகக் கழுவுமா என்பதற்கு மட்டும் எழுத்து இல்லை. குறைந்தபட்சச் சுத்தம் இருந்தால்தான் விற்கவே விடுவார்கள் என்பதால் அதை அட்டையில் போடுவதில்லை. ஆனால் குறைந்தபட்சத்துக்கும் நல்லதுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது சமைக்கிறவளுக்குத் தெரியும். விற்பனையாளரோ எண்ணூறு யூரோ இயந்திரத்தின் பக்கமே எங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். “அம்மா, முதல்ல ரெஸ்ற் பாப்பம்” என்றாள் மருமகள்.

‘ரெஸ்ற்’ என்பது ஒரு சஞ்சிகை. ஸ்டிஃப்டுங் வாரென்ரெஸ்ற் என்ற நிறுவனம் வெளியிடுவது. மறுநாள் நூலகத்தில் அதைப் புரட்டிய பிறகு, லுட்சோ சதுக்கத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் கட்டடத்தையும் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். அரண்மனை, மதில் என்று பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை. 1964 இல் ஜேர்மன் அரசு இதை நிறுவியது. 1966 இல் வந்த முதல் இதழில் பரிசோதித்தது தையல் இயந்திரங்களையும் மாவடிக்கும் கைக்கருவிகளையும். இரண்டும் பெண்கள் கையில் இருந்த பொருட்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. சஞ்சிகையில் விளம்பரம் கிடையாது. உற்பத்தியாளர் அனுப்பும் பொருளைச் சோதிப்பதில்லை; சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்கி, வெளியேயுள்ள ஆய்வுகூடங்களுக்குக் கொடுக்கிறார்கள். முடிவில் பள்ளிக்கூடப் புள்ளி போலவே ஒன்று முதல் ஐந்து வரை. ஒன்றுதான் மிக நன்று.

ஐரோப்பாவில் இத்தகைய சோதனைகளுக்கென்று ஒரு நியமமே இருக்கிறது. கோப்பைகளை வேண்டுமென்றே அழுக்காக்குவார்கள். பால், தேநீர், அரைத்த இறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பசளி போன்ற கீரை, மாஜரின். எது எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு என்பதெல்லாம் அளவாகச் சொல்லப்பட்டிருக்கும். பூசியபின் காயவிட்டுத்தான் இயந்திரத்தில் அடுக்குவார்கள். பக்கத்தில் ஒப்பிடுவதற்கென ஒரு நியம இயந்திரமும் அதே அழுக்கோடு ஓடும். பிறகு பழகிய கண்கள் ஒவ்வொரு கரண்டியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி போடும். ஒரு பொட்டும் இல்லாவிட்டால்தான் ஐந்து. பல தடவை இப்படிச் செய்து சராசரி எடுக்கிறார்கள்.

நான் இதைச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். “கீரையும் கஞ்சியும் சரி. எங்கட மீன்குழம்புச் சட்டி எங்கை?”

கேள்வி நியாயமானதுதான். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் அடிப்பிடித்த சோறும் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்றும் உண்டு. அட்டையிலுள்ள மின்சாரக் கணக்கு ‘எக்கோ’ என்ற முறைக்கு மட்டுமே உரியது. தண்ணீரை அதிகம் சூடாக்காமல் நெடுநேரம் ஊறவைத்துக் கழுவுவதால் மின்சாரம் மிச்சமாகிறது. ஆனால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவசரக்காரர் வேறு பொத்தானை அமத்துவார். அப்போது அட்டையில் சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது. அக்காவுக்கு இது பிரச்சினையில்லை. இரவு வேலைக்குப் போகும்போது அமத்திவிட்டுப் போனால் வரும்போது முடிந்திருக்கும்.

தண்ணீர் வீண்தானே என்று நான் முதலில் நினைத்ததும் பிழை. பொன் பல்கலைக்கழகத்தினர் பல நாட்டவர் 113 பேரைப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவவிட்டு அளந்திருக்கிறார்கள். சராசரியாக ஆளுக்கு 103 லீற்றர் செலவானது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதால் வரும் வினை இது. கிணற்றில் அள்ளி வாளியில் வைத்துக் கழுவும் எங்கள் ஊர்ப் பெண்களை அளந்திருந்தால் கணக்கு வேறாக வந்திருக்கும் என்று மனம் சொன்னது.

முடிவில் சஞ்சிகையில் ‘நன்று’ பெற்ற, 480 யூரோ இயந்திரம் ஒன்றை வாங்கினோம். பேர்லின் தண்ணீர் யாழ்ப்பாணத் தண்ணீரைப் போலவே சுண்ணாம்பு கலந்தது. அதற்கென்று தனி உப்புப் போடவேண்டும். போடாவிட்டால் எங்கள் வீட்டுக் கேத்தலில் படிவது போலக் கண்ணாடிக் கிளாசுகளில் வெள்ளை படியும்.

முதல்நாள் இரவு மருமகள் கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளி போட்டாள். பீங்கான்களுக்கெல்லாம் ஐந்து. பிளாஸ்ரிக் பெட்டியில் மஞ்சள் அப்படியே இருந்தது, அதற்கு இரண்டு. மீன்குழம்புச் சட்டிக்கு ஒன்று.

அக்கா ரப்பர் கையுறையைத் தேடினார். நான் அத்தானைப் பார்த்தேன். “பதினொரு வருச அனுபவம் சும்மா கிடக்குது போல” என்றேன். அவர் கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து சட்டியை வாங்கினார். தேய்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.