பதிவேட்டில் ஒரே பெயர்

அந்தத் தம்பி மெமரி கார்டை அழித்ததில் எந்தத் தவறும் இல்லை. ஒலிப்பதிவு சேமிக்கப்பட்டது என்று திரையில் செய்தி வந்தது. அதை நம்பி அழித்தார். அந்தச் செய்தி பொய். அப்படிச் சொல்லும்படி நிரலை எழுதியவன் நான். பொய் என்று மறுநாளே தெரிந்தும் பழி அவர் மேல் விழட்டும் என்று வாய் மூடி இருந்தவனும் நான்தான்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதற்குப் பிறகுதான் நண்பர்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினோம். மலையைச் சுற்றி வாழும் முதியவர்களுக்கு எந்தப் பள்ளத்தில் எந்த மழைக்கு நீர் இறங்கும், எந்த ஓடை எங்கே தூர்ந்தது என்பதெல்லாம் அத்துப்படி. அவர்கள் இருக்கும்போதே அவர்கள் குரலில் அதைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தோம். பேச்சு நீரோடு நிற்காது. கிரிவலப் பாதையில் விளக்கே இல்லாத காலம், தீபத்துக்கு மாட்டுவண்டி கட்டி வந்தது, தீபம் ஏற்றும் பர்வதராஜ குலத்தார் கொப்பரையோடு மலையேறுவதைக் கீழே நின்று பார்த்தது என்று எங்கெங்கோ போகும். நாங்கள் தடுக்கவில்லை.

அடி அண்ணாமலையில், ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் வீடு. கணினி வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பதிவுகளைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும், இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி வாங்கி ரவுட்டரோடு இணைத்தேன். பக்கத்து அறையில் உள்ள லினக்ஸ் கணினியில் கார்டைச் செருகினால் பதிவுகள் தானாகவே அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர ஒரு சிறிய நிரல் எழுதினேன்.

நிரலுக்குப் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்வது ஒரே ஒரு வரி. எஸ்எம்பி என்ற நெறிமுறையின் பெயர், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பயனர்பெயர், மறுபடி முக்காற்புள்ளி, கடவுச்சொல், ‘அட்’ குறி, பெட்டியின் ஐபி முகவரி, சாய்கோடு, கோப்புறையின் பெயர். யார், என்ன சாவியோடு, எந்த வீட்டுக்கு, எந்த அறைக்குப் போகிறார் என்பது மொத்தமும் அதில் அடங்கிவிடும். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இப்படி முகவரிக்குள்ளேயே எழுதும் முறை 1994இல் வந்த ஆர்எஃப்சி 1738 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986, கடவுச்சொல்லை இப்படித் திறந்து எழுதுவதைக் கைவிடச் சொன்னது. இருபது வருடம் பழைய அறிவுரை அது. நான் அதைப் படித்தவன். வேலை பார்க்கும் இடத்தில் பிறருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

என் வீட்டு வேலையில் அதைப் பின்பற்றவில்லை. முதலில் நான் வைத்திருந்த கடவுச்சொல்லிலேயே ஒரு ‘அட்’ குறி இருந்தது. கடவுச்சொல் எங்கே முடிகிறது, பெட்டியின் முகவரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிரல் இணைய மறுத்தது. அந்தக் குறிக்குப் பதில் சதவீதக் குறியும் 40 என்ற எண்ணும் சேர்த்து எழுதினால் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் கடவுச்சொல்லிலிருந்தே அந்தக் குறியை எடுத்துவிட்டேன். ஆளுக்கொரு கணக்குத் திறந்து, பதிவு சேர்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லாமல் நிர்வாகிக் கணக்கையே அந்த வரியில் போட்டு, நிரலை எல்லோருக்கும் கொடுத்தேன். பெட்டிக்குள் யார் வந்தாலும் பதிவேட்டில் ஒரே பெயர்தான் விழும்.

இது சின்னக் குழுவின் சோம்பல் மட்டுமல்ல. 2023 செப்டம்பரில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள், கிட்ஹப்பில் பொதுமக்களுக்காக ஒரு சேமிப்பக முகவரியைக் கொடுத்திருந்தார்கள். சில கோப்புகளைத் தருவதுதான் அவர்கள் எண்ணம். முகவரியோடு ஒட்டியிருந்த சாவியோ முழுச் சேமிப்பகத்தையும் திறந்துவிட்டது. படிக்க மட்டுமல்ல, அழிக்கவும் மாற்றவும்கூட. 38 டெராபைட் தரவு, ஊழியர் இருவரின் கணினிக் காப்புப் பிரதிகள் உட்பட, வெளியே தெரிந்தது. சாவி காலாவதியாகும் ஆண்டு 2051 என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது நானும் இதையேதான் செய்வேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்கு என் மேல் எனக்கு நம்பிக்கை.

ஆனால் பதிவை அழித்தது கடவுச்சொல் அல்ல, நான் எழுதிய இன்னொரு வசதி. பெட்டியை எட்ட முடியாவிட்டால் நிரல் நின்றுபோய்விடும். நின்றால் என்னை அழைப்பார்கள். அந்தத் தொந்தரவு வேண்டாமென்று, எட்ட முடியாதபோது கோப்பைக் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் வைத்துவிடும்படி எழுதினேன். இரண்டு வழிக்கும் ஒரே செய்திதான்: சேமிக்கப்பட்டது.

ஒரு நாள் கோடைமழையில் இடி இடித்து மின்சாரம் போய் வந்தது. ரவுட்டர் முதலில் எழுந்து, கேட்ட வரிசையில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கியது. ஹார்டு டிஸ்க் சுழன்று நாஸ் பெட்டி எழ நேரமாகும். அது எழுவதற்குள் அதன் பழைய முகவரி வீட்டில் இருந்த ஒரு கைபேசிக்குப் போய்விட்டது. பெட்டிக்கு நிலையான முகவரியை நான் ஒதுக்கி வைக்கவில்லை. ரவுட்டரில் ஐந்து நிமிட வேலை அது.

அன்று மாலைதான் எங்கள் குழுவில் இருந்த அந்தத் தம்பி ஒரு பெரியவரின் பதிவைக் கொண்டு வந்தார். என் வரியில் இருந்த முகவரியில் இப்போது கைபேசி இருந்தது. அது இணைப்பை மறுத்தது. கோப்பு தற்காலிகக் கோப்புறைக்குப் போனது. சேமிக்கப்பட்டது என்று திரை சொன்னது. தம்பி கார்டை அழித்து, அடுத்த பதிவுக்குத் தயார் செய்துவைத்துவிட்டுப் போனார். இரவு கணினியை அணைத்தேன். காலையில் அது எழும்போது வழக்கம்போலத் தற்காலிகக் கோப்புறையைக் காலி செய்துகொண்டது.

கோப்பைக் காணோம் என்றதும் நான் முதலில் பார்த்தது பெட்டியின் பதிவேட்டை. முந்தைய மாலை அந்தக் கணினியிலிருந்து ஒரு இணைப்புகூட வந்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. பதிவேட்டை மூடினேன்.

குழு கூடியபோது நான் சொன்னது இதுதான்: “கார்டை அழிக்கறதுக்கு முன்னாடி பெட்டியில ஒருதரம் பாத்திருக்கலாம்.” பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வாக்கியம். தம்பி தயங்கி, “சேவ் ஆயிடுச்சுன்னுதானே வந்துச்சு, அண்ணா” என்றார். நான் பதில் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே கணக்கில் உள்ளே போவதால், கோப்பு போய்ச் சேர்ந்ததா, பிறகு யாராவது தெரியாமல் அழித்தார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை என்று வேறொருவர் சொன்னார். வழி இருந்தது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. தம்பி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அடுத்த பதிவுக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

மறுபடி பதிவு செய்யலாம் என்று நாங்கள் தேதி கேட்பதற்குள் அந்தப் பெரியவர் படுக்கையில் விழுந்தார். எழவில்லை. மலையின் மேற்குப் பக்கத்து ஓடைகள் எந்தெந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னார் என்று தம்பி அன்று மாலை உற்சாகமாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பெயர்களை நான் குறித்துக்கொள்ளவில்லை. அதுதான் பதிவாகிவிட்டதே என்று இருந்தேன்.

நிரலை இப்போது மாற்றிவிட்டேன். பெட்டிக்கு நிலையான முகவரி, ஆளுக்கொரு கணக்கு, கடவுச்சொல் அந்த வரியில் இல்லை, அனுமதி கட்டுப்படுத்திய தனிக் கோப்பில். பெட்டியை எட்ட முடியாவிட்டால் நிரல் நிற்கும், சத்தமாகச் சொல்லும். எழுதிய கோப்பைப் பெட்டியிலிருந்து திரும்பப் படித்து, இரண்டின் ஷா-256 சரிபார்ப்புக் குறியீடும் ஒன்றா என்று பார்த்த பிறகே சேமிக்கப்பட்டது என்று காட்டும். இதையெல்லாம் முதல் நாளே செய்யத் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் நடந்தது எதுவும் இதில் இல்லை.

குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்; அன்றைய பதிவேட்டையும் காட்டினேன். தம்பியின் வீட்டுக்கும் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அன்னிக்குக் கூட்டத்துல பேசறப்பவே உங்களுக்குத் தெரியுமா, அண்ணா?” தெரியும் என்றேன். பெரியவர் வீட்டில் கார்டு கெட்டுப்போய்விட்டதாகத்தான் இன்னும் நினைத்திருக்கிறார்கள். அவர் மகளிடம் இந்த வாரம் போய்ச் சொல்கிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். தானும் கூட வருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கூப்பிடவில்லை.