ஒரு நிமிடமும் ஒன்றேகால் செக்கனும்

றக்பியில் நல்லா உதைக்கிற ஒருத்தரைக் கொண்டுபோய் அமெரிக்கன் புட்போலில் விட்டால் தேறுவாரா? றக்பி பார்க்கிற ஆக்களும் என்.எஃப்.எல். பார்க்கிற ஆக்களும் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தக் கதை வராமல் போகாது. எங்கள் குடும்பத்தில் அது எனக்கும் பெரியம்மாவின் மகனுக்கும் இடையில் வட்ஸ்அப்பில் வருசக்கணக்காக நடக்கிறது. நான் அப்பாவின் வேலை மாற்றத்தால் கண்டியில் படிச்சனான். அங்கே பள்ளிக்கூடம் என்றாலே றக்பிதான். விளையாடாத ஆளுக்கும் விதிகள் தெரியும். அண்ணா வவுனியாவில் கிரிக்கெட்டோடு வளர்ந்து, ஸ்கார்பரோவுக்குப் போய், குளிருக்கு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்.எஃப்.எல். பழகினவர்.

அவருடைய வாதம் எப்பவும் ஒரே மாதிரித்தான்: “உங்கட ஆக்கள் நிண்டு சாமி கும்பிட்டிட்டு அடிக்கிறவை. இஞ்ச கும்பிட நேரமில்லை.”

ஜொனி வில்கின்சனைத்தான் சொல்கிறார். உதைக்க முதல் இரண்டு கையையும் கோர்த்துக் குனிந்து நிற்பாரே, அந்த நிலை. நக்கலை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதில் விசயம் இருக்கிறது. ஆனால் முழு விசயமும் இல்லை.

முதலில் காலின் பலத்தைப் பார்ப்போம். அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு விளையாட்டின் கம்பங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. றக்பியில் இடைவெளி 5.6 மீற்றர். என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம், அதாவது நாலைந்து சென்றிமீற்றர்தான் கூட. குறுக்குக் கம்பத்தின் உயரமும் இரண்டிலும் ஏறத்தாழ 3 மீற்றர். 2025 நவம்பரில் ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில் 68 யார்ட் தூரத்திலிருந்து அடித்து என்.எஃப்.எல். சாதனையை உடைத்தபோது அண்ணா விடியப்புறத்தில் எனக்கு வீடியோ அனுப்பினார். நான் பதிலுக்கு அனுப்பியது போல் தோர்பேர்ன் 1986இல் வேல்ஸுக்காக ஸ்கொட்லாந்துக்கு எதிராக கார்டிஃபில் அடித்த பெனால்ட்டி. அது 70 யார்டுக்கும் சற்றுக் கூட. அன்று முழுக்க அண்ணாவிடமிருந்து சத்தமில்லை.

தூரம் பிரச்சினை இல்லை என்றால் வேறு என்ன? பந்து கொஞ்சம் பிரச்சினை. அமெரிக்கன் பந்து ஒடுங்கினது, முனை கூர்மையானது. றக்பிப் பந்துக்கு வயிறு பெரிசு. காலில் படுவதற்கு அங்கே இடம் குறைவு. ஆனாலும் இது பழகக்கூடிய விசயம். ஆயிரம் தரம் அடித்தால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

நேரம்தான் மற்றது. றக்பியில் பெனால்ட்டி அடிக்க 60 செக்கன் தருகிறார்கள். பந்தை டீயில் வைத்து (தேத்தண்ணி இல்லை, பந்தை நிறுத்தும் சின்னத் தாங்கி) தானே சரி பார்த்து, பின்னால் எட்டு வைத்து, மூச்சு விட்டு, பார்வையாளர்கள் கூவுவதையும் மறந்து, தனக்குச் சரிப்படும்போது ஓடி வரலாம். எதிரணி 10 மீற்றர் தள்ளி, கையைக் கீழே விட்டுக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் முழுக்க உதைக்கிறவரின் சொத்து.

என்.எஃப்.எல். பீல்ட் கோலில் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் குனிந்து, கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்கு ஏழு எட்டு யார்ட் தூரம் எறிகிறார். முழங்காலில் இருக்கும் இன்னொருவர் அதைப் பிடித்து, தரையில் நிறுத்தி, ஒரு விரலால் அமத்திப் பிடிக்கிறார். பந்து நிற்க முதலே கிக்கர் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். எறிந்ததிலிருந்து உதைக்கும்வரை சுமார் 1.3 செக்கன். டீ கிடையாது. எதிரில் பெரிய பெரிய ஆக்கள் கையை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வருவார்கள், ஆகவே பந்து காலை விட்டுப் பிரிந்தவுடனேயே மேலே எழும்ப வேண்டும். றக்பியில் தூரத்துக்கு அடிக்கிறவர்கள் பழகிவைத்திருக்கிற தாழ்ந்து நீளமாகப் போகும் உதை அங்கே யாருடைய உள்ளங்கையிலாவது முட்டி விழும்.

நேரத்தைவிடவும் என்னை யோசிக்க வைத்த விசயம் ஒன்று இருக்கிறது. அதை அண்ணா ஒருநாளும் சொன்னதில்லை. அது கோணம்.

றக்பியில் ட்ரை எந்த இடத்தில் வைக்கப்பட்டதோ, அதற்கு நேரே பின்னால் வந்துதான் கொன்வேர்ஷன் அடிக்க வேண்டும். மூலையில் வைத்தால் எல்லைக் கோட்டோடு ஒட்டி நின்று அடிக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கம்பமும் ஒன்றோடொன்று ஒட்டினது போலத்தான் தெரியும். 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பியூடன் பரட் இடது பக்கத்தில் ட்ரை வைத்தார். ரிச்சி மொவுங்கா அந்தப் பக்கத்திலிருந்து அடித்த கொன்வேர்ஷன் உள்ளே போகவில்லை. நியூசிலாந்து 11, தென்னாபிரிக்கா 12. தென்னாபிரிக்காவின் 12 புள்ளியும் ஹன்ட்ரே பொலார்டின் நாலு பெனால்ட்டி. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோணம் என்பது றக்பியில் எவ்வளவு பெரிய விசயம் என்று.

அமெரிக்கன் புட்போலில் அந்தக் கோணமே இல்லை. மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசைக் குறிகள் இருக்கும். பந்து எப்பவும் அந்த இரண்டுக்கும் உள்ளேதான் வைக்கப்படும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் 18 அடி 6 அங்குலம், கம்பங்களின் இடைவெளியும் அதுவேதான். எப்பவும் கிட்டத்தட்ட நேருக்கு நேர். ஒரு றக்பிக்காரர் பதின்மூன்று பதினாலு வயதிலிருந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் மூலையில் நின்று அடித்து அடித்துச் சேர்த்த வித்தை இருக்கே, அதற்கு அங்கே விலையே இல்லை. யாரும் அதைக் குறை சொல்லப் போவதில்லை, ஒருவரும் கேட்கவே மாட்டார்கள்.

இதை எழுதும்போது அண்ணாவைப் பற்றித்தான் நினைப்பு வருகிறது. இங்கே உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். அங்கே இரவு வேலை, ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

சரி, போனவர்கள் யார்? கவின் ஹேஸ்டிங்ஸ் ஒருவர். ஸ்கொட்லாந்தின் கப்டனாக இருந்து 1995இல் சர்வதேச றக்பியை விட்டவர். 1996இல் ஐரோப்பாவில் நடந்த அமெரிக்கன் புட்போல் லீக்கில் ஸ்கொட்டிஷ் கிளேமோர்ஸ் அணிக்காக விளையாடினார். டச்டவுனுக்குப் பிறகு வாற சின்ன உதைகள், 27இல் 24 உள்ளே போனது. அந்த அணி கிண்ணத்தையும் வென்றது. ஆனால் அது ஓய்வுபெற்றவரின் ஒரு பருவத்துப் பொழுதுபோக்கு. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

2024இல் நடந்ததுதான் நல்ல பரிசோதனை. அதன் பின்னால் இருந்தவர் டைக் லீடர் என்ற அயர்லாந்து றக்பி வீரர். தேசிய அணிக்கு ஆடாதவர். அமெரிக்காவில் றக்பி விளையாடப் போய், அங்கேயே புட்போல் கிக்கராக மாறி, கனடிய லீக்கில் ஹமில்டன் அணியில் ஒப்பந்தமானவர். பிறகு தான் கற்றதை மற்றவர்களுக்குப் பழக்கத் தொடங்கினார். அந்த வருசம் அயர்லாந்துத் தீவிலிருந்து நாலு பேர் என்.எஃப்.எல். தெரிவு முகாமுக்குப் போனார்கள். மூன்று பேர் கேலிக் புட்போல் கோல்காப்பாளர்கள். ஒருவர் மட்டும் றக்பிக்காரர், டைக்கின் சகோதரர் டாரா லீடர். ஒப்பந்தம் கிடைத்தது ஒருவருக்கு மட்டும்: சார்லி ஸ்மித், கோல்காப்பாளர், அப்போது 22 வயது. முட்டைப் பந்தோடு வளர்ந்தவருக்கு இல்லை, உருண்டைப் பந்தை உதைத்து வளர்ந்த பிள்ளைக்கு!

எனக்கு இது விநோதமாகப் படவில்லை. கேலிக் கோல்காப்பாளருக்கும் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் அனுப்பத் தெரியும். அதோடு, மறக்க வேண்டிய பழக்கம் அவருக்குக் குறைவு. அந்த ஒரு நிமிடம் அவருக்குள் ஊறிப்போகவில்லை. வயதும் உதவி செய்தது. நியூ ஓர்லியன்ஸ் அணி அவரைப் பயிற்சிக் குழுவில் வைத்திருந்து, 2025 நவம்பர் கடைசியில்தான் மயாமிக்கு எதிராக முதன்முதலாக இறக்கியது. அன்றே 56 யார்டிலிருந்து ஒன்று அடித்தார். அந்த 1.3 செக்கனுக்காக அவர் காத்திருந்தது ஒன்றரை வருசத்துக்கு மேல்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டெரியில் கேலிக் விளையாடிய ஜூட் மெக்அடம்னி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக நியூயோர்க் ஜயன்ட்ஸ் வரைக்கும் போனவர். 2025 ஒக்ரோபரில் டென்வருக்கு எதிராக 33 யார்ட் உதைகள் இரண்டைத் தவறவிட்டார். அணி 33-32 என்று தோற்றது. கொஞ்ச நாளில் அவருடைய இடமும் போனது. றக்பியில் பத்தாம் இலக்கக்காரர் ஒரு உதையைத் தவறவிட்டால் அடுத்த நிமிடமே ஓடலாம், பாஸ் கொடுக்கலாம், ஒருத்தரை மடக்கி விழுத்தலாம். அங்கே கிக்கருக்குப் போய் பெஞ்சில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மொத்த லீக்கிலும் 32 அணி, அணிக்கு வழமையாக ஒரு கிக்கர்.

அதனால்தான் பொலார்ட் போன்ற ஒருவர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைக்கிறேன். ஆட்டத்தையே நடத்துகிற ஆள், உதைப்பதற்கு மட்டும் எழும்பி வரச் சம்மதிப்பாரா? அண்ணாவிடம் கேட்டேன். “இருக்கிற இடத்தில மதிப்பு இருக்கிறவன் ஏன் வெளிக்கிடப் போறான்?” என்று ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் களஞ்சியத்துச் சத்தம்.

கையிலிருந்து விட்டு உதைக்கிற பன்டிங் வேறு கதை. அதில் அவுஸ்திரேலியர்கள் எப்பவோ வழி வெட்டிவிட்டார்கள். சிட்னியிலிருந்து போன மைக்கல் டிக்சன் 2018இல் சியாட்டிலுக்குத் தெரிவாகி நிலைத்து நிற்கிறார். ஆனால் அவர்களும் பெரும்பாலும் அவுஸ்திரேலிய விதிப் புட்போலிலிருந்து வந்தவர்கள், றக்பியிலிருந்து இல்லை.

என்னைக் கேட்டால், நட்சத்திரங்களை விடுங்கோ. ஏதோவொரு கழகத்தின் இரண்டாம் அணியில் உட்கார்ந்திருக்கிற, 19 வயதில் 55 மீற்றர் அடிக்கிற, பாஸும் ஓட்டமும் சுமாரான பிள்ளையை அனுப்ப வேண்டும். போக முதல் அவனுடைய டீயை வாங்கி வைத்துவிட வேண்டும். பிறகு இரண்டு வருசம் ஒருத்தரும் “என்னாச்சு?” என்று கேட்கக்கூடாது.